பெயரும் கையொப்பமும்



முப்பத்தோர் ஆண்டுகள் கணினித் துறையில் பாடம் நடத்தினேன். அதில் கடைசிப் பதினைந்து ஆண்டுகள், வகுப்பறைக்கு அடுத்தபடியாக நான் அதிகம் நின்ற இடம் துறை அலுவலகத்தின் பின்கட்டில் இருக்கும் மர அலமாரி. பழைய பாடத்திட்டப் புத்தகங்கள் அதில்தான் இருந்தன. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பழைய மாணவர்களாவது கேட்பார்கள். "சார், நல்லா இருக்கீங்களா? ரெகுலேஷன் 2008 சிலபஸ் ஒரு காப்பி கிடைக்குமா? ஒவ்வொரு பேப்பருக்கும் எத்தனை மணி நேரம்னு போட்டிருக்கணும். காலேஜ் முத்திரையோட வேணும் சார்." டொரன்டோவிலிருந்து, கால்கரியிலிருந்து, ஹாலிஃபாக்ஸிலிருந்து வரும் குரல்கள். சிலர் போய் ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். நல்ல வேலையில் இருப்பார்கள், நிரந்தர வசிப்புரிமையான பி.ஆர். கையில் இருக்கும், வீடு கூட வாங்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு எதற்கு இந்த சிலபஸ்?

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தேன். கனடாவின் ஒரு மாகாணம் கணினி வல்லுநரை 'வா' என்று அழைக்கிறது. அதே மாகாணத்தின் இன்னொரு சட்டம், அவர் தன் வேலைக்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

முதலில் அழைப்பைப் பார்ப்போம். கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, குடியேற்றத்தை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவாக வைத்தது. நூறாண்டுக்கும் மேல் மத்திய அரசின் கையே ஓங்கியிருந்தது. குடியேறுவோர் எல்லாரும் டொரன்டோ, மான்ட்ரியால், வான்கூவர் என்று மூன்று நகரங்களில் குவிய, மற்ற மாகாணங்கள் தங்களுக்கு வேண்டியவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க உரிமை கேட்டன. கியூபெக் 1991இல் தனி உடன்பாடு செய்துகொண்டது. மானிடோபா 1998இல் ஒப்பந்தம் போட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் நம் பிள்ளைகள் பி.என்.பி. என்று சொல்லும் மாகாண நியமனத் திட்டம். 2015இல் மத்திய அரசின் புள்ளி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்த பிறகு அதன் மதிப்பு பன்மடங்கானது. ஒரு மாகாணம் நியமித்தால் 600 புள்ளிகள் கூடும். 600 கூடினால் நிரந்தர வசிப்புக்கான அழைப்பு ஏறக்குறைய உறுதி.

கணினித் துறைக்கென்றே வாசல்கள் திறந்தன. பிரிட்டிஷ் கொலம்பியா 2017இல் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கி, 2021இல் அதை நிரந்தரமாக்கியது. ஒன்டாரியோ 2019 முதல் கணினித் தொழில்களுக்குத் தனிச் சுற்றுகள் நடத்தியது. ஆல்பர்ட்டா 2022இல் விரைவுத் தடம் ஒன்றை அறிவித்தது. 2025க்கான மத்திய அரசின் திட்டத்தில் மாகாண நியமனங்களின் இலக்கு 55,000 ஆகச் சுருங்கியதையும் சொல்லிவிட வேண்டும். வாசல் குறுகினாலும் விரிந்தாலும் நாம் பேசும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

இந்தத் திட்டங்கள் வேலைகளை எண்ணால் அறிகின்றன. 21231 என்றால் மென்பொருள் பொறியாளர்களும் வடிவமைப்பாளர்களும். 21232 என்றால் மென்பொருள் உருவாக்குநர்களும் நிரலாளர்களும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தொழில்நுட்பப் பட்டியலில் 21231 இடம்பெற்றது. அதாவது, 'மென்பொருள் பொறியாளர்கள் தேவை' என்று மாகாண அரசே எழுதி வைத்தது. அதே மாகாணத்தில் பொறியியல் தொழிலை முறைப்படுத்தும் அவை, மென்பொருள் பொறியியலும் தன் வரம்புக்குள் வருவது என்கிறது. உரிமம் பெறாதவர் தன்னைப் பொறியாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது.

எப்படி இது நேர்ந்தது? குடியேற்றம் இரு அரசுகளுக்கும் பொது என்றேன். தொழில் உரிமம் அப்படியில்லை, அது முழுக்க மாகாணத்தின் கையில் இருப்பது. மாகாணமும் அதைத் தானே நடத்தாமல் பொறியாளர்களின் அவையிடம் ஒப்படைத்திருக்கிறது. நாடு ஒன்று, உரிமம் தரும் அவைகள் 12. குடியேற்ற அலுவலகம் ஒரு கட்டடம், உரிம அவை வேறொரு கட்டடம். ஒன்றில் கொடுத்த காகிதம் மற்றொன்றில் செல்லாது.

இதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். 2013 முதல் குடியேற்றத்துக்குக் கல்விச் சான்று மதிப்பீடு கேட்கப்படுகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து மூடி முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியல் போகும். 'உங்கள் பி.இ. கனடாவின் இளநிலைப் பட்டத்துக்கு இணை' என்று பதில் வரும். வீட்டில் இனிப்பு கொடுப்பார்கள். அந்தக் காகிதம் குடியேற்றப் புள்ளிக்கு மட்டும்தான். உரிமத்துக்கு அது உறுதி அல்ல என்று கனடா அரசே சொல்கிறது. ஆனால் 'பட்டம் இணை' என்று படித்த ஒரு பிள்ளை, 'நான் அங்கேயும் இன்ஜினியர்தான்' என்று நினைப்பதில் என்ன தப்பு? இங்கே கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டால் ஊரே இன்ஜினியர் என்று கூப்பிடுகிறது.

நம் நாட்டில் வழக்கறிஞர் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவருக்கும் பதிவு உண்டு. பொறியாளருக்கு நாடு முழுவதற்குமான கட்டாய உரிமச் சட்டம் கிடையாது. கட்டட வரைபடத்துக்கு மாநகராட்சி ஒப்புதல் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பதிவு பெற்றவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அந்தக் கையெழுத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் பொறியாளர் உரிமம் என்பதன் உயிர் அதில்தான் இருக்கிறது.

கனடா இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1907 ஆகஸ்ட் 29 அன்று, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் சரிந்தது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற மோஹாக் ஊரைச் சேர்ந்த இரும்பு வேலைக்காரர்கள். ஒரே ஊரில், ஒரே மாலையில் 33 சாவு. பாலத்தின் எடையைக் கணக்கிட்டதில் பிழை. தகடுகள் வளையத் தொடங்கியதைப் பார்த்தும் வேலையை நிறுத்த அதிகாரம் யாருக்கு என்பதில் குழப்பம். 1920ஐ ஒட்டி மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பொறியாளர் சட்டங்களை இயற்றின. 1925 முதல் அங்கே பட்டம் பெறும் பொறியாளர்கள் உறுதிமொழி எடுத்து, எழுதும் கையின் சுண்டு விரலில் ஓர் இரும்பு மோதிரம் அணிகிறார்கள். விழுந்த பாலத்தின் இரும்பில் செய்தது என்று சொல்லப்படுவது உண்மையல்ல. ஆனால் வரைபடத்தில் கை நகரும்போதெல்லாம் அந்த மோதிரம் தாளில் உரசும். அது போதும்.

'அது பாலம் சார், நாங்கள் எழுதுவது புரோகிராம்' என்று மாணவர்கள் சொல்வார்கள். அவர்களுக்காகவே தெராக்-25இன் கதையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொன்னேன். இன்றும் சொல்கிறேன். அது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். செய்தது கனடாவின் அரசு நிறுவனமான கனடிய அணுசக்தி நிறுவனம். முந்தைய மாதிரியில் கதிர் எல்லை மீறினால் தடுக்க வன்பொருள் பூட்டுகள் இருந்தன. புதியதில் அவற்றை எடுத்துவிட்டு அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் விட்டார்கள். இயக்குபவர் தவறாக ஒரு எழுத்தைத் தட்டி, உடனே மேலே போய்த் திருத்தி, எட்டு நொடிக்குள் முடித்துவிட்டால், திரையில் ஒன்றும் இயந்திரத்துக்குள் வேறொன்றுமாக நிற்கும். வேலையில் கைதேர்ந்தவர்கள்தான் அவ்வளவு வேகமாகத் தட்டுவார்கள். அதனாலேயே சோதனையில் இது அகப்படவில்லை. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு விபத்துகள். அவற்றில் ஒன்று ஒன்டாரியோவின் ஹாமில்டனில். மிகையான கதிர்வீச்சால் மூன்று பேராவது இறந்தார்கள். அந்த நிரலை எழுதியவர் ஒரே ஒருவர்.

அதே ஹாமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான் டேவிட் பார்னாஸ் மென்பொருள் பொறியியலுக்கென்று தனிப் பட்டப்படிப்பைத் தொடங்கினார். நிரலின் பகுதிகளை எப்படிப் பிரிப்பது, எதை மறைப்பது என்று நான் பாடம் நடத்தினேனே, அது 1972இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. மென்பொருள் எழுதுபவரும் மற்றப் பொறியாளர்களைப் போலவே பயிற்சி பெற்று, பொறுப்பேற்று, உரிமம் பெற வேண்டும் என்று வாதாடியவர் அவர். அமெரிக்காவில் டெக்சாஸ் 1998இல் மென்பொருள் பொறியாளர் உரிமத்தைத் தொடங்கியது. அங்கே நாடளவில் 2013இல் வந்த உரிமத் தேர்வு, எழுத ஆளில்லாமல் 2019இல் கைவிடப்பட்டது.

ஆக, உரிமம் தேவையா என்ற கேள்விக்கு என் பதில் 'தேவை'. எதற்கு என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

பெயருக்காக நடந்த சண்டைகளைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் தேர்வில் தேறியவர்களுக்குக் கொடுத்த சான்றிதழின் பெயரில் 'இன்ஜினியர்' என்ற சொல் இருந்தது. கியூபெக்கின் பொறியாளர் அவை வழக்குப் போட்டு, 2004இல் அந்த நிறுவனத்துக்கு அபராதம் வாங்கிக் கொடுத்தது. ஆல்பர்ட்டாவில் நடந்தது இன்னும் பெரியது. எட்மன்டனில் ஜாபர் என்றொரு மென்பொருள் நிறுவனம். அதன் ஊழியர்கள் 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்ற பதவிப்பெயரைப் பயன்படுத்தத் தடை கேட்டு மாகாணத்தின் பொறியாளர் அவை நீதிமன்றம் போனது. 2022இல் கணினி நிறுவனங்களின் தலைவர்கள் பலர் சேர்ந்து மாகாண முதல்வருக்குக் கடிதம் எழுதினார்கள். உலகம் முழுக்க வழங்கும் ஒரு பதவிப்பெயரை இங்கே மட்டும் எழுத முடியாவிட்டால் நல்ல ஆட்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டார்கள். 2023 நவம்பரில் நீதிமன்றம் தடை தர மறுத்தது. உரிமம் பெற்றவன் என்று மக்களை நம்பவைக்காதவரை அந்தப் பெயர் யாருக்கும் தனிச்சொத்தல்ல என்பது தீர்ப்பின் சாரம். அதே காலத்தில் மாகாண அரசும் சட்டத்தைத் திருத்தி, 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்ற பெயரை உரிமம் இல்லாதவரும் பயன்படுத்த வழிசெய்தது. ஆல்பர்ட்டாவைத் தாண்டினால் கதை மறுபடி மாறும்.

குடியேறி வந்தவருக்கு இது எங்கே வலிக்கிறது? பெங்களூரிலோ சென்னை ஓ.எம்.ஆரிலோ எட்டு ஆண்டுகள் 'சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று அடையாள அட்டை மாட்டியிருந்தவர், வான்கூவரில் ஆஃபர் லெட்டர் வாங்கும்போது 'டெவலப்பர்' ஆகிறார். சம்பளம் கூடியிருக்கும். ஆனால் ஊருக்குப் போன் பண்ணினால் அப்பா கேட்பார், "ஏம்ப்பா, பதவியைக் குறைச்சிட்டாங்களா?" இதைச் சின்ன விஷயம் என்று தள்ள என்னால் முடியாது. குடியேற்ற அலுவலகம் பெயரைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைப் பார்க்கிறது என்பது உண்மை. பழைய நிறுவனத்தின் சான்றுக் கடிதத்தில் வேலையின் விவரம் அந்த எண்ணுக்குப் பொருந்தினால் போதும். இது தெரியாமல், பெயர் பொருந்தவில்லையே என்று பயந்து கடிதத்தையே மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள். பொய்த் தகவல் கொடுத்தால் அங்கே ஐந்தாண்டுத் தடை.

இனி அலமாரிக்குத் திரும்புகிறேன். ஏழாண்டு கழித்து ஏன் சிலபஸ் கேட்கிறார்கள்? ஆறாண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்டவர் ஒரு மாணவி. வேலைக்குச் சேரும்போது உரிமம் தேவைப்படவில்லை. பிறகு அவர் ரயில் சிக்னல் கட்டுப்பாட்டு மென்பொருள் பிரிவுக்கு மாறினார். அங்கே வடிவமைப்பு ஆவணத்தில் உரிமம் பெற்ற ஒருவர் கையொப்பமிட வேண்டும். எழுதுவது இவர், கையொப்பமிடுவது இன்னொருவர். "நான் எழுதினதுக்கு நானே கையெழுத்துப் போடணும் சார்" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் பொறியியல் முழுவதும் இருந்தது.

அதற்கு அவர் கடக்க வேண்டியிருந்தவை: பட்டத்தின் ஒவ்வொரு பாடத்தையும் காட்டுவது, நான்காண்டு வேலை அனுபவம், சட்டமும் தொழில் ஒழுக்கமும் பற்றிய தேர்வு. ஒன்டாரியோவில் அந்த நான்காண்டில் ஓராண்டாவது கனடாவில் கழிந்திருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரின் கீழ் அந்த ஓராண்டு கழிய வேண்டும். மென்பொருள் நிறுவனத்தில் அப்படி ஒரு மேலாளர் கிடைப்பது அரிது. உரிமம் பெற்ற மேலாளர் இல்லாமல் அந்த அனுபவம் வராது, அந்த அனுபவம் இல்லாமல் உரிமம் வராது. 2021இல் ஒன்டாரியோ சட்டம் இயற்றி இத்தகைய நிபந்தனையை விலக்கியது. பொறியாளர் அவை 2023 மே மாதம் அதைக் கைவிட்டது. ஆண்டுகளை எண்ணுவதோடு திறன்களையும் எண்ணும் முறை வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் முன்பே வந்துவிட்ட முறை அது. 34 திறன்கள், ஒவ்வொன்றுக்கும் தான் செய்த வேலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு, அதை உறுதி சொல்ல உடன் வேலை பார்த்தவர்கள். எழுத்து வேலை அதிகம்தான். ஆனால் சென்னையில் செய்த வேலையும் வேலைதான் என்று அது ஒப்புக்கொள்கிறது.

தேர்வே கூடாது என்பாரும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் படித்த ஒரு பொறியாளர் 1999இல் ஆல்பர்ட்டாவில் உரிமம் கேட்டார். சரிபார்ப்புத் தேர்வுகள் எழுதச் சொன்னார்கள். பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு என்று அவர் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2014இல் வென்றார். 2016இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. மக்களின் பாதுகாப்புக்காகத் தகுதியைச் சோதிப்பது நியாயம் என்றது. இதில் நான் நீதிமன்றத்தின் பக்கம். ஆனால் பதினேழு ஆண்டுகள்! ஒருவரின் உழைக்கும் வயது அதிலேயே போய்விடும். சோதிப்பது நியாயம். சோதனை இருக்கிறது என்பதை விமானம் ஏறும் முன்பே சொல்லாதது நியாயமில்லை. நியமனக் கடிதத்திலேயே ஒரு பக்கம் சேர்க்கலாம்: உன் தொழிலில் இந்த மாகாணத்தில் எந்த வேலைக்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம், யாரிடம் கேட்க வேண்டும். 600 புள்ளி கொடுக்கத் தெரிந்த அரசுக்கு அது முடியாத காரியமா?

பெயரைக் காத்தால்தான் மக்களைக் காக்க முடியும், மக்கள் கண்ணில் படுவது பெயர்தானே என்று உரிம அவைகள் சொல்கின்றன. வீடு கட்டுபவர் விஷயத்தில் அது சரி. தெருவில் போகிறவர் பலகையைப் பார்த்து உள்ளே போகிறார். ஆனால் செயலிக்குள் நிரல் எழுதுபவரை எந்தப் பொதுமகனும் பலகை பார்த்துத் தேடிப் போவதில்லை. கதிர்வீச்சு இயந்திரம், ரயில் சிக்னல், அணையின் மதகு, மின்கட்டமைப்பு, இவற்றின் மென்பொருளில் உரிமம் பெற்றவரின் கையொப்பம் இல்லாமல் ஒன்றும் இயங்கக் கூடாது என்று கண்டிப்பாக இருங்கள். இப்போதைவிட இன்னும் கண்டிப்பாக இருங்கள். சாப்பாடு ஆர்டர் செய்யும் செயலியை எழுதுபவரின் அட்டையில் என்ன பெயர் இருந்தால் யாருக்கு என்ன கேடு?

கனடாவைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு நம் பக்கத்துக் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்க 1989இல் வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. கனடா அதன் தொடக்க உறுப்பினர். இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது, இலங்கையும் அதே ஆண்டில். நம் நாளிதழ்கள் 'இந்தியப் பொறியியல் பட்டம் இனி உலகெங்கும் செல்லும்' என்று எழுதின. அப்படியில்லை. தேசிய அங்கீகார வாரியம் இரண்டு அடுக்குகளில் அங்கீகாரம் தருகிறது. முதல் அடுக்கு பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும். இணைப்புக் கல்லூரிகளுக்கு இரண்டாம் அடுக்கு. ஒப்பந்தம் ஏற்பது முதல் அடுக்கை மட்டும். அதுவும் கல்லூரிக்கு மொத்தமாக இல்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் எவ்வளவு பேர் இணைப்புக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். எம்.சி.ஏ. படித்தவர்கள் இந்த ஒப்பந்தத்துக்குள் வரவே மாட்டார்கள். கவுன்சிலிங்குக்கு வரும் பெற்றோர் ஹாஸ்டல் எப்படி, பிளேஸ்மென்ட் எவ்வளவு, பஸ் எங்கே நிற்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். இந்தப் படிப்பு எந்த அடுக்கு என்று என்னிடம் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அதனால் இந்த மேடையில் நம் கல்லூரி முதல்வர் அவர்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒவ்வொரு படிப்பின் அங்கீகார அடுக்கையும், அது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதையும் சேர்க்கை விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். அங்கீகாரம் இல்லாத ஆண்டுகளையும் மறைக்காமல் அச்சிட வேண்டும். இரண்டாவது, அந்த மர அலமாரி. போன மழையில் கூரை ஒழுகி, ரெகுலேஷன் 2004 புத்தகங்களில் பாதி நனைந்து ஒட்டிப்போய்விட்டன. மீதியை நானும் அலுவலக உதவியாளரும் வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்திருக்கிறோம். ஸ்கேன் செய்ய இரண்டு மாணவர்களும் ஒரு வாரமும் கொடுத்தால் போதும். சாவி என்னிடம்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.